நிற்கத் தெரிந்த கரணம்

ரோலர் புறா வளர்ப்பு கலையா, வதையா? பறவை எத்தனை அடி உருளுகிறது என்ற கணக்கு இதற்குப் பதில் சொல்லாது. எந்தப் பறவையை எதனோடு ஜோடி போடுகிறோம் என்ற முடிவுதான் சொல்லும்.

பதினைந்து இருபது புறாக்கள் நெருக்கமாகச் சேர்ந்து சில நூறு அடி உயரத்தில் வட்டமடிக்கின்றன. திடீரென்று அவற்றில் ஏழெட்டு ஒரே கணத்தில் பின்பக்கமாகப் புரள்கின்றன. கரணங்களை எண்ண முடியாத வேகம். இறக்கை எது, வால் எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒவ்வொரு பறவையும் பந்தாகச் சுருண்டு செங்குத்தாக இறங்குகிறது. இருபது முப்பது அடி விழுந்ததும் சுழற்சி சட்டென்று அறுபடுகிறது. பறவை இறக்கையை விரித்து மேலேறி மறுபடியும் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. பர்மிங்ஹாம் ரோலர் என்று உலகம் முழுக்க அறியப்படும் இந்தப் புறாவை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வியப்பது அந்த வீழ்ச்சியை. ஆண்டுக்கணக்கில் அதை வளர்த்தவர்கள் கவனிப்பது வீழ்ச்சி முடியும் இடத்தை. சுத்தமாக நின்றதா, தடுமாறி நின்றதா, நின்றபின் நேராகக் கூட்டத்துக்குத் திரும்பியதா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். இந்தப் பொழுதுபோக்கின் நுட்பமும் அழகும் அறமும் அந்த ஒரு நொடியில் ஒன்றாகச் சந்திக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். நிற்கத் தெரியாத பறவையை உருவாக்குபவர் கலையில் தோற்கிறார், அதே காரணத்தால் அறத்திலும் தோற்கிறார். இதை ஏற்றுக்கொண்டால் ரோலர் வளர்ப்பின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் எவை நியாயமானவை, எவை அப்படி இல்லை என்று பிரித்துப் பார்க்க முடியும்.

கொல்லைப்புறத்தில் பிறந்த கலை

ரோலருக்குப் பெயர் கொடுத்த பர்மிங்ஹாமும் அதையொட்டிய 'பிளாக் கன்ட்ரி' வட்டாரமும் 19-ஆம் நூற்றாண்டில் நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர்போனவை. ஆணியும் சங்கிலியும் அடித்துப் பிழைத்த தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த ஊர்கள் அவை. அந்த வாழ்க்கைக்கு ரோலர் பொருந்தியதில் வியப்பில்லை. தபால் புறாவைப் பந்தயத்துக்கு விட வேண்டுமானால் அதை நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் கொண்டுபோய்த் திறந்துவிட வேண்டும், அதற்குச் செலவும் ஏற்பாடும் தேவை. ரோலருக்கு ஒரு சின்னக் கொல்லை, பலகையில் அடித்த கூண்டு, கொஞ்சம் தானியம், வேலை முடிந்து வந்தபின் அரைமணி நேரம் ஆகியவையே போதும். பறவை வீட்டின் தலைக்கு மேலேயே தன் வித்தையைக் காட்டிவிட்டு இறங்கிவிடும். அங்கிருந்து இந்தப் புறா உலகம் சுற்றியதில் பில் பென்சம் என்பவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1930-களில் தன் பறவைகளை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அனுப்பிவந்த அவர், 1950-இல் தாமே அமெரிக்காவில் குடியேறினார். இந்த இனத்தைப் பற்றி 1958-இல் அவர் எழுதிய நூலை ரோலர் வளர்ப்பவர்கள் இன்றும் ஆதார நூலாகக் கருதுகிறார்கள்.

ஆனால் கரணமடிக்கும் புறா பர்மிங்ஹாமில் தோன்றியதல்ல. அக்பர் அவையில் 20,000-க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்ததாக அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் எழுதியிருக்கிறார். தேர்ந்த பறவை ஒன்று ஒரே பறப்பில் 70 கரணம் அடிக்கும் என்ற கணக்கையும் அவர் தருகிறார். இந்தக் குறிப்பு சார்லஸ் டார்வினை ஈர்த்தது. 1850-களின் நடுவில் அவர் தம் வீட்டிலேயே புறா வளர்க்கத் தொடங்கி, லண்டனின் இரண்டு புறாச் சங்கங்களிலும் உறுப்பினரானார். உலகின் பல பகுதிகளிலிருந்து புறாத் தோல்களையும் வரவழைத்தார். அவற்றில் இந்தியத் தோல்களை அனுப்பியவர் சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியிலிருந்த வால்டர் எலியட். 1859-இல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' நூலிலேயே டார்வின் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். பரிணாமக் கோட்பாட்டுக்கான சான்றுகளில் ஒரு சிறு பகுதி இப்படித் தமிழ் மண்ணிலிருந்து கப்பலேறியது. கரணமடிக்கும் புறாவை வளர்க்கும் பழக்கம் இங்கே அற்றுப்போகவும் இல்லை. வடசென்னையின் மொட்டைமாடிகளிலும் மதுரையிலும் கர்ணப் புறா வளர்ப்பு இன்றும் நடக்கிறது. 2015-இல் தனுஷ் நடித்து பாலாஜி மோகன் இயக்கிய 'மாரி' படத்தின் கதைக்களம் இந்தப் புறாப் பந்தய உலகம்தான்.

கற்றுக்கொடுக்க முடியாத வித்தை

கரணம் எங்கிருந்து வருகிறது? மாடியில் நின்று பார்ப்பவர்களில் பலர் இது பழக்கிய வித்தை என்று நினைக்கிறார்கள். அது தவறு. கரணமடிக்க எந்தப் புறாவுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது என்று டார்வினே வாதிட்டார். கரணத்தைக் கண்ணால் கண்டிராத இளம் பறவைகள் தாமாகவே கரணமடித்ததை நேரில் பார்த்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். 1972-இல் என்ட்ரிக்கின், எர்வே என்ற இரு ஆய்வாளர்கள் ரோலர்களையும் கரணமடிக்காத புறாக்களையும் கலந்து வளர்த்து, இந்தப் பண்பு மரபுவழி வருவதை ஆராய்ந்தார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு மரபணு ஒன்று இதற்கு அடிப்படை என்றும், அதன் அளவைக் கூட்டிக் குறைக்க வேறு மரபணுக்களும் சேர்ந்து இயங்குகின்றன என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அண்மையில் யூட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷப்பைரோவின் ஆய்வுக்கூடம் இதையே மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துத் தேடியது. தரையில் உருளும் ரோலரைப் பந்தயப் புறாவோடு கலந்தபோது பிறந்த முதல் தலைமுறையில் ஒன்றுகூட உருளவில்லை. அவற்றைத் தமக்குள் ஜோடி சேர்த்துப் பிறந்த பேரக்குஞ்சுகளில்தான் பண்பு திரும்ப வந்தது, அதுவும் பறவைக்குப் பறவை வெவ்வேறு அளவில். மரபணுத் தொகுதியில் ஐந்து இடங்கள் இதோடு தொடர்புடையவை என்று தெரியவந்தது.

இந்த ஆய்வுகளின் பொருள் வளர்ப்பவருக்குச் சாதாரணமானதல்ல. கரணம் இருக்கிறது, இல்லை என்ற இரண்டே நிலைகள் கிடையாது. ஒன்றிரண்டு கரணத்தோடு நிற்கும் பறவை, பத்தடி உருளும் பறவை, நாற்பதடி உருளும் பறவை, நிற்கவே முடியாத பறவை என்று ஒரு நீண்ட படிவரிசை இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியிலும் அந்தக் கலவை மாறி மாறி விழுகிறது. படிவரிசையின் கடைசிக் கோடியில் நிற்பது தரை ரோலர். அமெரிக்காவில் வளர்க்கப்படும் அந்த இனம் பறக்கவே பறக்காது. தரையில் வைத்து லேசாக உந்திவிட்டால் பின்பக்கமாக உருண்டுகொண்டே போகும், எவ்வளவு தூரம் உருண்டது என்று அளந்து பரிசு கொடுப்பார்கள். இந்தியாவின் 'லோட்டன்' புறாவும் இப்படிப்பட்டதே. கையில் பிடித்து உலுக்கித் தரையில் விட்டால், யாராவது எடுக்கும்வரை அது உருண்டுகொண்டேயிருக்கும் என்று டார்வின் பதிவு செய்தார். கிளாஸ்கோ அருகே 18 அங்குலம் உயரம்கூட எழும்ப முடியாமல் குப்புறப் புரளும் வீட்டுப் புறாக்கள் இருந்ததையும் அவர் எழுதினார். வானத்தில் உருளும் பறவையும் தரையில் உருளும் பறவையும் ஒரே வழியில் நிற்கின்றன. வளர்ப்பவர் ஒவ்வொரு ஆண்டும் 'இன்னும் கொஞ்சம் ஆழமாக' என்று மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தரை ரோலரே சாட்சி.

இது நோயா?

முதல் எதிர்வாதம் இங்கேதான் எழுகிறது. கரணம் மூளைக் கோளாறுதானே, வலிப்பு போன்ற ஒன்றை அழகு என்று கொண்டாடுகிறோமே என்று விலங்கு நல ஆர்வலர்கள் கேட்கிறார்கள். கேள்வியைத் தள்ளிவிட முடியாது. டார்வினே இதை மூளையைப் பாதித்த ஏதோ ஒன்றின் விளைவாக இருக்கலாம் என்றுதான் எண்ணினார். காட்டில் வாழும் மாடப்புறாவுக்கு இந்தப் பண்பு இல்லை, அதற்கு இது பயன்படவும் போவதில்லை. ரோலர் மகிழ்ச்சியில் துள்ளி விளையாடுகிறது என்று சில ஆர்வலர்கள் சொல்வதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அந்தக் கற்பனையை வைத்து இந்தப் பொழுதுபோக்கை நியாயப்படுத்தக் கூடாது. இருந்தாலும் 'நோய்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லா ரோலர்களையும் அடைத்துவிடவும் முடியாது. நல்ல ரோலர் செயலிழந்து விழுவதில்லை, உருளும் நேரம் முழுவதும் இறக்கையை ஓங்கி அடித்துக்கொண்டேயிருக்கிறது. சுழன்று முடித்ததும் திசை தப்பாமல் தன் கூட்டத்தைக் கண்டுபிடித்துச் சேர்கிறது. சாப்பிடுவது, ஜோடி சேர்வது, குஞ்சு வளர்ப்பது ஆகியவற்றில் மற்றப் புறாக்களைவிட எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அதே இனத்தில், நிற்க முடியாமல் கூரையிலோ தரையிலோ மோதிச் சாகும் பறவையும் பிறக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடுதான் கேள்வியின் மையம். அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கூண்டுக்காரரின் தேர்வு.

ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டம் இந்தக் கோட்டைப் போட முயன்றிருக்கிறது. பிறக்கப்போகும் விலங்குக்கு வலியையோ ஊனத்தையோ துன்பத்தையோ மரபுவழியாகத் தரும் இனப்பெருக்கத்தை அதன் 11பி பிரிவு தடை செய்கிறது. அந்தப் பிரிவை விளக்க அரசு அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை, பறக்க முடியாமல் தரையில் உருளும் புறாக்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. இந்த முடிவோடு ரோலர் வளர்ப்பவர்கள் சண்டை போட வேண்டியதில்லை, அவர்களின் கலைக்கும் அதே முடிவுதான் அடிப்படை. பறக்கும் திறனைப் பறித்துக்கொண்ட பிறகு அங்கே பறவையின் வித்தை என்று எதுவும் மிஞ்சுவதில்லை, மனிதனின் அளவுகோல் மட்டுமே மிஞ்சுகிறது. வானத்தில் உருளும் ரோலரைக் காப்பாற்ற நினைப்பவர், தரை ரோலரையும் சேர்த்துக் காப்பாற்ற முயன்றால் இரண்டு வழக்கிலும் தோற்பார்.

பொறுமையே தேர்வு

தேர்வு எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் தெளிவாகும். ஜோடி போட்டபின் புறா இரண்டு முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து 17, 18 நாளில் குஞ்சு வெளிவரும். முதல் சில நாட்கள் இரண்டும் தம் தொண்டைப் பையில் சுரக்கும் புறாப்பாலை ஊட்டும். ஒரு வாரம் ஆனதும் காலில் ஆண்டும் எண்ணும் பொறித்த வளையத்தை மாட்டுவார்கள். அதற்குப் பின் கால் பருத்துவிடும் என்பதால் வளையம் ஏறாது, கழலவும் செய்யாது. ஒரு மாதத்தில் குஞ்சைத் தாய் தந்தையிடமிருந்து பிரித்து, தனித்தனி இருக்கைகள் உள்ள சின்னக் கூண்டில் அதே வயதுப் பறவைகளோடு வளர்ப்பார்கள். மாலையில் தீனிக்கு முன், பசியோடு இருக்கும்போது பறக்கவிடுவார்கள். கோதுமை, சோளம், பட்டாணி எந்த விகிதத்தில், எவ்வளவு போடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பறக்கும் உயரமும் நேரமும் கரணத்தின் எண்ணிக்கையும் மாறும் என்பது வளர்ப்பவர்களின் அனுபவ அறிவு. சில மாதங்கள் கழித்துத்தான் இளம் பறவை முதலில் வாலை விரித்துப் பின்னோக்கிச் சாயும், பிறகு ஒற்றைக் கரணம், பிறகு இரட்டை என்று போய் முழுச் சுழற்சிக்கு வரும். சில பறவைகளுக்கு இதற்கு ஓர் ஆண்டும் ஆகும்.

இங்கேதான் ஆசை வளர்ப்பவரைச் சோதிக்கிறது. ஆறு மாதத்திலேயே நாற்பதடி உருளும் இளம் பறவை மாடியில் நிற்பவர்கள் எல்லாரையும் கைதட்ட வைக்கும், அதை உடனே ஜோடி போட்டுக் குஞ்சு எடுக்க வேண்டும் என்று தோன்றும். அனுபவசாலிகள் அவசரப்படுவதில்லை. இரண்டு ஆண்டாவது பறந்து, உருண்டு, உயிரோடு, கட்டுப்பாட்டோடு நிலைத்த பறவையைத்தான் அவர்கள் இனப்பெருக்கத்துக்கு எடுக்கிறார்கள். சீக்கிரம் கனியும் பறவைகளில் பல சீக்கிரமே கட்டுப்பாட்டை இழக்கும், கரணம் ஆழமாகிக்கொண்டே போய் ஒருநாள் தரையைத் தொடும். அதற்குள் அது பத்துக் குஞ்சுகளைத் தந்திருந்தால் அதே குறை பத்து இடங்களுக்குப் பரவியிருக்கும். காத்திருப்பதால் கிடைப்பது, நிற்கும் திறனும் சேர்ந்து மரபாக இறங்குகிறது என்ற உறுதி. மிகையாக உருளும் பறவையை அதேபோன்ற இன்னொன்றோடு சேர்க்காமல், கரணம் குறைந்த, கட்டுப்பாடு மிகுந்த பறவையோடு ஜோடி போடும் வழக்கமும் இதற்காகவே. நெருங்கிய உறவுப் பறவைகளைத் தமக்குள்ளேயே ஜோடி போட்டுக் குடும்ப வழியைக் காப்பாற்றுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நல்ல பண்பைக் கெட்டிப்படுத்தும் அதே வழி, மறைந்திருக்கும் குறையையும் கெட்டிப்படுத்திவிடும். எந்தப் பறவை யாருக்குப் பிறந்தது, எப்போது உருளத் தொடங்கியது, எப்படி முடிந்தது என்று நோட்டில் எழுதி வைக்காதவருக்கு இந்த ஆட்டத்தில் இடமில்லை.

மதிப்பெண் எதைப் பரிசளிக்கிறது?

போட்டி விதிகள் ஆழத்துக்கு மதிப்பெண் தருகின்றன, ஆகவே அவை தவறான ஆசையையே தூண்டும் என்பது அடுத்த எதிர்வாதம். உலகக் கோப்பை என்று அழைக்கப்படும் ரோலர் போட்டியின் கணக்கைப் பார்க்கலாம். 15 முதல் 20 வரை பறவைகள் ஓர் அணி. நடுவர் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் நேரில் போவார், பறவைகள் எங்கும் பயணிப்பதில்லை. 20 நிமிடம் மதிப்பிடுவார். குறைந்தது ஐந்து பறவைகள் ஒரே நேரத்தில் உருண்டால்தான் அது கணக்கில் வரும், உருண்ட பறவைகளின் எண்ணிக்கையே மதிப்பெண். முடிவில் வந்த கூட்டுத் தொகையைத் தரத்துக்காக 1.0 முதல் 2.0 வரையிலான ஓர் எண்ணாலும், ஆழத்துக்காக அதேபோன்ற இன்னோர் எண்ணாலும் பெருக்குவார்கள். ஓர் அணி 200 புள்ளி எடுத்து, தரத்துக்கு 1.4, ஆழத்துக்கு 1.3 பெற்றால் இறுதி மதிப்பெண் 364. ஆழத்துக்கு ஊக்கம் இருக்கிறது என்பது உண்மைதான்.

ஆனால் கணக்கை முழுதாகப் பார்த்தால் ஆழ வெறி தன்னைத்தானே தோற்கடிப்பது தெரியும். புள்ளிகள் பெருகுவது பறவைகள் ஒன்றாக உருளும்போதுதான். அளவுக்கு மீறி ஆழமாக விழும் பறவை கூட்டத்துக்குத் திரும்பி மேலேற நேரம் எடுக்கும், அதற்குள் அடுத்த சுழற்சி அதை விட்டுவிட்டு நடந்து முடிந்திருக்கும். தடுமாறி நிற்கும் பறவை தரத்துக்கான எண்ணைக் குறைக்கும். தரையில் மோதிய பறவை அணியிலேயே இருக்காது. 20 நிமிடத்தில் திரும்பத் திரும்ப ஒன்றாக உருண்டு, ஒன்றாக நின்று, ஒன்றாகச் சேரும் பறவைகளே வெல்லும். ஆழம் இங்கே ஒரு பெருக்கெண் மட்டும், பெருக்கப்படும் தொகையைத் தருவது கட்டுப்பாடுதான். இதை விதிகளின் குறைபாடற்ற தன்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவற்றிலும் ஒரு குறை உண்டு, அதற்குக் கட்டுரையின் முடிவில் வருகிறேன். இங்கே சொல்ல விரும்புவது, ரோலர் உலகம் தன் திறமையை அளக்கத் தேர்ந்தெடுத்த அளவுகோலே நிற்கும் திறனுக்கு முன்னுரிமை தருகிறது என்பதைத்தான். அறம் வெளியிலிருந்து வந்து இந்தக் கலையைத் திருத்த வேண்டியதில்லை. கலை தன் உயர்ந்த அளவுகோலுக்கு உண்மையாக இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வல்லூறும் விலையும்

மீதிப் பாதிக்கு அந்த அளவுகோல் போதாது என்பதை 2007-இல் அமெரிக்கா பார்த்தது. மத்திய மீன், வனவிலங்குத் துறையின் அதிகாரிகள் 14 மாதங்கள் மாறுவேடத்தில் ரோலர் சங்கங்களுக்குள் நுழைந்து விசாரித்தார்கள். கலிஃபோர்னியா, ஓரிகான், டெக்சஸ் மாநிலங்களில் சங்கப் பொறுப்பாளர்கள் உட்படப் பலர் மீது வழக்குப் பதிவானது. தங்கள் புறாக்களைப் பிடிக்க வந்த கூப்பர் பருந்து, செவ்வால் பருந்து போன்ற வேட்டைப் பறவைகளைச் சுட்டும் பொறிவைத்துப் பிடித்தும் கொன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. தெற்குக் கலிஃபோர்னியாவில் மட்டும் ஆண்டுக்கு 1,000 முதல் 2,000 வேட்டைப் பறவைகள் இப்படிக் கொல்லப்பட்டிருக்கலாம் என்று துறை மதிப்பிட்டது. பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், அபராதமும் நன்னடத்தைக் காவலும் தண்டனையாகக் கிடைத்தன. அந்தத் தண்டனை மிகக் குறைவு என்ற விவாதம் அதன் பின்னும் தொடர்ந்தது.

கூட்டத்திலிருந்து உருண்டு விழும் புறா, வல்லூறின் கண்ணுக்கு அடிபட்ட இரையாகத் தெரியும். ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய அணியில் ஒரே வாரத்தில் நாலைந்து பறவைகள் போனால் வேதனைதான். வேதனை இருப்பதால் அந்தக் கொலை நியாயமாகிவிடாது. வல்லூறுக்குத் தெரியும்படி ஒரு பறவையை வடிவமைத்து வானத்தில் விட்டது நாம். அதன் விலையை வல்லூறு ஏன் தர வேண்டும்? நேர்மையான வளர்ப்பாளர்களுக்கு வழிகள் உண்டு. வேட்டைப் பறவைகள் அதிகம் நடமாடும் மாதங்களில் பறக்கவிடாமல் கம்பிவலை போட்ட கூண்டில் வைத்துக்கொள்ளலாம், பறக்கவிடும் நேரத்தை மாற்றலாம், அப்படியும் போகிற பறவையை இழப்பாக ஏற்றுக்கொள்ளலாம். தமிழ்நாட்டு மாடிகளின் மேலும் வைரியும் வல்லூறும் வரத்தான் செய்கின்றன, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றையும் காக்கிறது. நிற்கத் தெரிவது பறவைக்கு மட்டும் வேண்டிய குணமல்ல, தன் ஆசைக்கு எல்லை போடத் தெரியாதவர் கையில் நல்ல இனமும் தீங்காகும்.

மிச்சமிருக்கும் கேள்விகள்

இன்னும் சில ஆட்சேபங்கள் இருக்கின்றன. புறா எச்சத்தாலும் இறகுத் தூளாலும் நுரையீரல் கெடும் என்பது மருத்துவ உண்மை. 'புறா வளர்ப்போர் நுரையீரல் நோய்' என்ற பெயரிலேயே 1965-இல் அமெரிக்க மருத்துவர்கள் அதை விவரித்தார்கள். கூண்டைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம், காற்றோட்டம், ஈரமாகாத தரை, விடாத இருமல் வந்தால் உடனே மருத்துவரிடம் போவது ஆகியவை இதற்கு மறுமொழி. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் புறா வளர்க்காமல் இருப்பதே சரி. சூதாட்டம் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் எளிது. பணம் வைத்து ஆடுவது புறாவோடு பிறந்ததல்ல, கிரிக்கெட்டோடும் சேவலோடும் ஒட்டிக்கொண்டதுபோல இதனோடும் ஒட்டிக்கொள்ளக் கூடியது, ஒட்டினால் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். வேலைவெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்ற ஏளனத்துக்கு, சமூகவியலாளர் காலின் ஜெரோல்மாக் 2013-இல் எழுதிய நூலில் பதில் இருக்கிறது. நியூயார்க் மாடிகளிலும் பெர்லினின் துருக்கியர் சங்கங்களிலும் புறா வளர்ப்பவர்களோடு பழகிய அவர், இன வேறுபாட்டைக் கடந்து அக்கம்பக்கத்து ஆண்களைப் பிணைக்கும் கயிறாக அந்தப் பறவைகள் இருப்பதைக் காட்டினார்.

இவற்றைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்பவர்கள் குறைவு. பத்து ஜோடி வைத்திருப்பவர் ஆண்டுக்கு நான்கு முறை முட்டை வைக்கவிட்டால், எல்லாம் பொரித்தால் 80 குஞ்சுகள். போட்டிக்கு வேண்டியது 20. மிச்சம் 60 பறவைகள் என்ன ஆகின்றன? சரியாக உருளாதவை, மிகையாக உருளுபவை, கூட்டத்தை விட்டுத் தனியே திரிபவை எல்லாம் அந்த 60-இல் அடங்கும். சில நண்பர்களுக்கும் சில சந்தைக்கும் போகின்றன. சிலவற்றின் கதையை வெளியே யாரும் பேசுவதில்லை. மற்ற ஆட்சேபங்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட முடிகிறது, இதற்கு வளர்ப்பவரின் நடத்தை மட்டுமே பதில். ஜோடிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கூண்டில் இடம் இருக்கும் அளவுக்கு மட்டும் குஞ்சு எடுத்து, வேண்டாத முட்டைக்குப் பதிலாகப் போலி முட்டையை வைத்து, பறக்கவிட முடியாத பறவையையும் ஆயுள்வரை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாதவர், இந்தப் பொழுதுபோக்குக்குத் தயாராகவில்லை என்றே அர்த்தம். குறைவாகக் குஞ்சு எடுத்தால் தேர்வு எப்படி நடக்கும் என்று சிலர் கேட்பார்கள். ஜோடியைக் கவனமாகத் தேர்ந்து, இரண்டு ஆண்டு காத்து, ஏட்டைச் சரியாக வைத்திருந்தால் குறைந்த குஞ்சிலும் நல்ல பறவை கிடைக்கும். கணக்கில்லாமல் பொரிக்கவிட்டுப் பின்பு கழிப்பது, தேர்வைப் பறவையின் தலையில் தள்ளிவிடும் சோம்பல்.

எனவே, புதிதாக ரோலரோ கர்ணப் புறாவோ வாங்கப்போகிறவர் விற்பவரிடம் 'எத்தனை அடி உருளும்' என்று முதலில் கேட்க வேண்டாம். பறவைக்கு எத்தனை வயது, இதன் பெற்றோர் இன்னும் பறக்கிறார்களா, உடன்பிறந்தவற்றில் எத்தனை தரையில் மோதிப் போயின என்று கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காமல் திரும்புவதே நல்லது. சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இன்று வெற்றிப் பட்டியலில் இருப்பது மதிப்பெண் மட்டும். அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்களை எழுதச் சொல்லலாம்: அந்த ஆண்டு அந்தக் கூண்டில் வளையம் மாட்டிய குஞ்சுகள் எத்தனை, ஆண்டு முடிவில் அவற்றில் உயிரோடிருப்பவை எத்தனை. வளையத்தில் ஏற்கெனவே ஆண்டும் எண்ணும் இருப்பதால் கணக்கு வைப்பது கடினமில்லை. 364 புள்ளி எடுத்து 70 குஞ்சில் 20-ஐ மட்டும் மிச்சம் வைத்திருப்பவரையும், 300 புள்ளி எடுத்து 24 குஞ்சில் 22-ஐக் காப்பாற்றியிருப்பவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும் நாளில், இரண்டு பேரில் யார் பெரிய வளர்ப்பாளர் என்பதை உறுப்பினர்களே சொல்லிவிடுவார்கள். அந்தப் பட்டியலை வெளியிடத் துணியும் சங்கத்தை வதைக்காரர்கள் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது, துணியாத சங்கத்துக்கு அந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்ப வழியும் இல்லை.